தலை மாற்றிய சட்டைகள்: மாதங்கி அருள்பிரகாசத்தின் அச்சாடைகளை முன்வைத்து

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு பின்னேரம், மல்வேர்னில் அக்கா வீட்டுக் குசினி மேசையில் மருமகள் ஒரு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். உள்ளேயிருந்து விழுந்தது ஒரு ரீ-சேட். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த எல்லாமே சாம்பல் நிறம். மேசையில் அந்தச் சேட் கிடந்த இடத்தில் மட்டும் வெய்யில் எறித்ததுபோல் இருந்தது. கறுப்பில் பொன்னிறம், அதன்மேல் பச்சை. நடுவில் பாம்புக் கூந்தலோடு ஒரு பெண் தலை. சுற்றிவர கிரேக்கச் சதுரக் கோலம். ஒரு விரல் வைக்கவும் வெறும் இடம் இல்லை.

"பாவிச்சதுதான் மாமா, எண்டாலும் நல்லாயிருக்கு. ஒறிஜினலோ எண்டுதான் தெரியேல்லை. அம்மா வந்து பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

மருமகள் கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள். அக்கா ஸ்காபரோவின் தையல் பக்ரறிகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலைசெய்தவர். அக்கா கோயிலால் வரும்வரை நான் அந்தச் சேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு மணித்தியாலத்தில் தொடங்கியது.

'ஒறிஜினலோ' என்ற கேள்வியை மற்ற உடுப்புகளிடம் கேட்கலாம். இந்த உடுப்பிடம் கேட்பது கொஞ்சம் சிக்கலானது. 2013 ஒக்ரோபரில் இத்தாலியின் வெர்சாச்சே நிறுவனம், இளையவர்களுக்கான தனது 'வேர்சஸ்' என்ற கிளையின் பெயரில் பத்தொன்பது உருப்படிகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி, எங்கள் மாதங்கி அருள்பிரகாசம், மாயா. நிறுவனத்தின் அப்போதைய கலை இயக்குநர் டொனற்றெல்லா வெர்சாச்சே தங்கள் பழைய அச்சுருவங்களைத் தந்து, அவற்றை வைத்து ஏதாவது செய்யும்படி கேட்டிருக்கிறார். மாயா வேறொரு வழியைச் சொன்னார். லண்டன் சந்தைகளில் விற்கும் கள்ள வெர்சாச்சே உடுப்புகளைப் பார்த்து, அந்தக் கள்ள அச்சுகளிலிருந்து தன் தொகுப்பைச் செய்தார். வெர்சாச்சேயைக் காலமெல்லாம் கள்ளமாய்ப் பிரதிபண்ணியவர்களை இப்போது வெர்சாச்சே பிரதிபண்ணுகிறது, இனி இதையும் அவர்கள் பிரதிபண்ணட்டும் என்ற பொருள்பட அப்போது ஒரு அறிக்கையும் விட்டார்.

ஆகவே மேசையில் கிடந்தது அசலென்றால், அது ஒரு நகலின் அசல். கள்ளமென்றால், நகலின் நகலுடைய நகல். மருமகளுக்கு இது ஒரு பகிடி. எனக்கு அப்படி இருக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உடுப்புகள் அழகானவை. இதைச் சொல்ல எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. 2013 இல் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது கூச்சம். யாரோ எங்கள் வீட்டுப் பழைய அல்பத்தைத் திறந்து நாலுபேருக்கு முன்னால் விரித்துவிட்டதுபோன்ற கூச்சம்.

*

நான் கனடாவுக்கு வந்தது 1990 இல். 1994 கோடையில் ஸ்காபரோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருபது டொலருக்கு ஒரு சேட் வாங்கினேன். பட்டு மாதிரி வழுக்கும் பொலியெஸ்ரர். கறுப்புத் துணியில் பொன் சங்கிலிகள், முதுகில் பெரிய மெடூசாத் தலை. கழுத்துப் பட்டியில் வெர்சாச்சே என்ற பெயரில் ஒரு எழுத்துப் பிழை. எனக்கு அப்போது சரியான எழுத்தும் தெரியாது, ஆகவே பிழையும் தெரியாது. அந்தச் சேட்டோடு மல்வேர்னில் ஒரு கலியாண வீட்டில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினேன். கடிதம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதே அப்போது பெரும்பாடு. மூன்று மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. சுகம் விசாரித்து, குளிருக்குக் கவனமாய் இருக்கச்சொல்லி, கடைசியில் கேட்டிருந்தார்: சேட்டிலை இருக்கிறது எந்தக் கோயில் அம்மன்?

அந்தக் கலியாண வீட்டுப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் இளந்தாரிகளில் பாதிப்பேர் அப்படித்தான் நிற்கிறோம். சிங்கம், சங்கிலி, சிறுத்தைப் புள்ளி, மெடூசா. பகலில் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள், இரவில் கட்டடங்கள் துடைத்தவர்கள். வேலைக்குப் போட்ட உடுப்பு எல்லாம் ஒரே நிறம். சனி இரவில்தான் நிறம் வரும். பிறகு மெல்லமெல்ல எங்களுக்கு 'ரேஸ்ற்' என்ற சொல் தெரியவந்தது. அலுவலக வேலை கிடைத்தவர்கள் சாம்பலுக்கும் கடும் நீலத்துக்கும் மாறினோம். பிள்ளைகள் அல்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சேட்டுகள் பெட்டிக்கு அடியில் போயின. நிறத்தைப்பற்றிய எங்கள் வெட்கம், வந்த விதத்தைப்பற்றிய வெட்கத்தோடு ஒட்டியிருந்தது என்று இப்போது படுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

வெர்சாச்சேயின் அச்சுகள் என்று நாங்கள் அறிந்தவை ஜியானி வெர்சாச்சே 1990களின் தொடக்கத்தில் மேடையேற்றியவை. 1978 இல் மிலானில் தன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜியானி, இத்தாலியின் தென்கோடியில் றெஜியோ கலாப்ரியா என்ற ஊரில் 1946 இல் பிறந்தவர். தாயார் தையற்காரி. தாயின் தையற்கடையில் வெட்டுத் துண்டுகளுக்குள் வளர்ந்த பிள்ளை. அந்த ஊர் ஒருகாலத்தில் கிரேக்கக் குடியேற்றம். மெடூசாவும் சதுரக் கோலமும் அந்தப் பழைய இடிபாடுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை. வடஇத்தாலியின் பணக்காரர் பார்வையில் தென்னாட்டார் பட்டிக்காட்டார். சத்தமாய்க் கதைப்பவர்கள், மினுக்கம் கூடியவர்கள். ஜியானி அந்த மினுக்கத்தை மறைக்கவில்லை. இன்னும் பத்து மடங்காக்கிப் பட்டில் அச்சடித்து மொடல்களுக்கு உடுத்தி நடக்கவிட்டார். ரொறொன்ரோவில் எங்களுக்கு முந்திய தலைமுறையில் கட்டட வேலைக்கும் தையல் வேலைக்கும் வந்து சேர்ந்தவர்களிலும் கலாப்ரியாக்காரர் அனேகம். அவர்கள் வீட்டு முன்றில்களில் நிற்கும் சிங்கச் சிலைகளைக் கண்டு எங்களில் பலர் சிரித்திருக்கிறோம். பிறகு நாங்களும் வாங்கி வைத்தோம்.

ஜியானியின் அச்சுகளிலேயே அசல் எது? 1991 இளவேனில் தொகுப்பில் மர்லின் மன்றோவின் முகங்கள் நிறைந்த ஒரு நீண்ட உடை இருந்தது. அந்த முகம் அன்டி வோர்ஹோல் 1962 முதல் அச்சடித்துவந்த முகம். வோர்ஹோல் அதை எடுத்தது 1953 இல் வந்த நயாகரா படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றிலிருந்து. இங்கேயிருந்து இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் இருக்கும் அதே நயாகரா. புகைப்படத்தை ஓவியர் எடுத்தார், ஓவியத்தைத் தையற்காரர் எடுத்தார். இவர்கள் எடுத்தபோது அதற்குப் பெயர் கலை. அதே மெடூசாவைப் பெயரில்லாத ஒருவன் எடுத்து இருபது டொலருக்கு விற்றபோது அதற்குப் பெயர் களவு.

1997 யூலை 15 இல் ஜியானி மயாமியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இருபது வருடம் கழித்து, 2017 செப்ரெம்பரில், தங்கை டொனற்றெல்லா மிலானில் ஒரு மேடை அமைத்தார். அண்ணனின் பழைய அச்சுகள் எல்லாம் திரும்பி வந்தன: வோர்ஹோல் முகங்கள், பொற்கோலங்கள், சிறுத்தைப் புள்ளிகள். கடைசியில் கார்லா புரூனி, குளோடியா ஷிஃபர், நவோமி காம்பெல், சின்டி குறோஃபோட், ஹெலெனா கிறிஸ்ரென்சன் ஐவரும் பொன் உலோக வலையாடையில் வரிசையாய் நின்றார்கள். அந்த நிகழ்வை நான் வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறத்துக்குப் பயப்படாத ஒரு கலைஞனுக்கு அதைவிட நல்ல அஞ்சலி இருக்கமுடியாது. ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். அந்த அச்சுகள் வீட்டுப் பெட்டகத்திலிருந்து வந்தவை, துடைத்துச் சுத்தமாக்கப்பட்டவை. அவை இருபது வருடம் எங்கே போய்வந்தன, யார் யார் முதுகில் கிடந்தன என்ற கதை அந்த மேடையில் இல்லை. அந்தக் கதையைச் சொன்னது நாலு வருடம் முந்திய மாயாவின் பத்தொன்பது உருப்படிகள்தான்.

*

கள்ள அச்சு எப்படி வருகிறது என்று மருமகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். திரை வைத்து அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வேண்டும். கோமோ ஏரிக்கரைப் பட்டறைகளில் ஒரு பட்டுத் துண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட திரைகள் பாவிப்பது உண்டு. அதனால்தான் பொன்னிறத்துக்குள் பத்துப் பொன்னிறம் தெரிகிறது. சங்கிலிக்கு நிழல் விழுகிறது. கள்ளப் பிரதி செய்பவனிடம் அத்தனை திரைக்குக் காசில்லை. நாலு திரையில் முடிக்கவேண்டும். ஆகவே நிழல் போய்விடுகிறது. பத்துப் பொன்னிறம் ஒரு மஞ்சளாகிறது. மெல்லிய கோடு நின்றுபிடிக்காது என்று கோட்டைத் தடிப்பாக்குகிறான். ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் ஒரு நூல் தவறினால் நிறம் கோட்டைவிட்டு வெளியே வழிகிறது. மெடூசாவின் கண் சற்று விலகி அவள் எங்கோ பார்க்கிறாள். பாம்புகள் சடைபோல் ஆகின்றன.

என் அம்மாவுக்கு அது அம்மனாய்த் தெரிந்ததற்குக் காரணம் அந்த நாலு திரைதான்.

வறுமை வரைந்த இந்தப் படத்துக்கு என்று ஒரு பலம் இருக்கிறது. நுணுக்கம் போனபின் மிஞ்சியது உரத்த நிறமும் தடித்த கோடும். தூரத்தில், இரவில், ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலும் தெரியும். மாயா இதைக் கண்டது தற்செயல் அல்ல. அவர் லண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் படித்தவர். 2001 இல் போர்டபெல்லோ வீதியில் அவர் வைத்த முதல் கண்காட்சியே தகடுவெட்டி நிறந்தெளித்த படங்கள்தான். எங்கள் ஊரில் சாக்கில் இலக்கம் போட, சுவரில் பெயர் எழுத, தகட்டில் வெட்டி மை பூசுவோமே, அதே முறை. வெட்டிய தகட்டில் நிழல் வராது. நிறம் இருக்கும் அல்லது இல்லை. அவருடைய ஆரம்பகாலப் பாட்டு வீடியோ ஒன்றில் பின்னணியாய் ஓடுபவையும் இந்த உருவங்களே. ஆக, சந்தைக் கடையில் தொங்கிய கள்ளச் சேட்டில் அவர் கண்டது தன் கையெழுத்தை.

பத்தொன்பது உருப்படிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதமில்லை. கால்சட்டை, ரீ-சேட், தொப்பி வைத்த மேற்சட்டை போன்றவை. கலியாண மண்டபத்துக்கு உரிய வெட்டு அல்ல, சந்தியில் நிற்பவரின் வெட்டு. வேறொரு வடிவமைப்பாளர் என்றால் சந்தை அச்சை எடுத்து, அதைக் கொஞ்சம் அடக்கி, விலையுயர்ந்த பட்டில் போட்டு, இதோ தெருவிலிருந்து எடுத்த உந்துதல் என்று சொல்லியிருப்பார். மாயா அடக்கவில்லை. பிழையைத் திருத்தாமல் விட்டார். அதுதான் இந்தத் தொகுப்பின் அழகியல் துணிவு என்று நினைக்கிறேன். பிழையை மன்னிப்பது வேறு. அந்தப் பிழைக்கு ஒரு கண்ணும் ஒரு கையும் ஒரு வாழ்க்கையும் காரணம் என்று கண்டு அதை அச்சாக்குவது வேறு.

*

பிரதி செய்தவர் யார் என்ற கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் இன்னொரு விஷயமும் வரும். எங்கள் ஆச்சிமார் பூப்போட்ட பருத்தித் துணியைச் சீத்தை என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாய்ப் போனது அது. அதன் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தோண்டப்பட்டது. ஒல்லாந்தருக்கு அது வருமானம் தந்த பொருள். கழுவினாலும் போகாத நிறத்தை ஐரோப்பா அதுவரை பருத்தியில் கண்டதில்லை. அங்குள்ள நெசவாளர் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686 இல் அந்தத் துணியை இறக்குமதி செய்வதையும், அதைப் பார்த்து உள்ளூரில் அச்சடிப்பதையும் தடைசெய்தது. இங்கிலாந்து 1700 இலும் 1721 இலும் சட்டம் போட்டது. தடை இருக்கும்போதே கள்ளமாய்ப் பிரதி செய்து பழகினார்கள். பிரான்சில் 1759 இல் தடை நீங்க, அடுத்த வருடமே ஜூயி என்ற ஊரில் ஒபர்காம்ஃப் தன் அச்சுச்சாலையைத் தொடங்கினார். ஐரோப்பாவின் அச்சுத்துணிக் கைத்தொழில் எங்கள் கரைகளின் துணியைக் கள்ளமாய்ப் பார்த்தெழுதித்தான் எழுத்துப் பழகியது. பெயரில்லாத அந்தச் சாயக்காரர்களுக்கு யாரும் உரிமைப் பணம் கொடுத்ததில்லை. இதைச் சொல்வது பழிக்குப் பழி என்பதற்காக அல்ல. அசல், நகல் என்ற இரண்டு சொற்களும் யாரிடம் கப்பல் இருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறுபவை என்பதற்காக.

இனி, வந்த விதத்தைப்பற்றிய வெட்கம். எங்களில் எத்தனை பேர் சொந்தப் பாஸ்போட்டில் வந்து இறங்கினோம்? 'தலைமாத்தி' என்ற சொல் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பாஸ்போட் அசல், இலக்கம் அசல், முத்திரை அசல். படம் மட்டும் என்னுடையது. வேறொருவன் பெயரில், வேறொருவன் பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு, மூன்று விமான நிலையங்களில் நான் நின்றேன். அந்தக் கள்ளப் பத்திரம் இல்லையென்றால் இந்த அசல் ஆள் இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரும் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். ஜேர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிந்தது. கதையில் பொய் இருந்தது. ஓடிவந்த காரணத்தில் பொய் இருக்கவில்லை. மாயா ஆறு மாதக் குழந்தையாய் லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய், 1986 இல் அகதியாய்த் திரும்பி லண்டனுக்கு வந்தவர். எங்களுக்கும் அவருக்கும் வாழ்க்கை வேறு. ஆனால் கள்ளப் பெயர்ப்பட்டிக்குள் உண்மையான உடம்பு இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2015 இல் அகதிகளைப்பற்றிய ஒரு பாட்டு வீடியோவில் அவர் பரிஸ் சென் ஜெர்மன் கழகத்தின் உதைபந்தாட்டச் சேட்டைப் போட்டு வந்தார். நெஞ்சில் இருக்கவேண்டிய 'ஃப்ளை எமிரேற்ஸ்' என்ற விமான நிறுவன வாசகம் 'ஃப்ளை பைரற்ஸ்' என்று மாற்றப்பட்டிருந்தது. விமானத்துக்குப் பதில் கடற்கொள்ளையர். கழகம் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியது. அந்தச் சேட்டும் ஒரு தலைமாத்திதான். வேலியில் ஏறி நிற்கும் மனிதரைப் பார்த்து எவரும் எழுதாத கடிதத்தை, ஓரிரு எழுத்து மாறியதற்கு எழுதினார்கள்.

*

விமர்சனம் என்று எழுதத் தொடங்கிவிட்டு மெச்சுவதோடு நிறுத்தினால் அது கலியாண வாழ்த்து. எனக்கு இரண்டு குறைகள் இருக்கின்றன.

ஒன்று, அந்தப் பெயரில்லாத நாலு திரைக்காரன் கடைசிவரை பெயரில்லாமலே இருக்கிறான். அவனுடைய பிழை வெர்சாச்சேயின் பெயரில் விற்பனைக்கு வந்தது. சந்தைச் சேட்டின் விலையில் அல்ல. கள்ளச்சந்தையை நான் புனிதமாக்கவும் விரும்பவில்லை. எங்களுக்கு வடக்கே மார்க்கத்தில் இருக்கும் பசிபிக் மோலை அமெரிக்க அரசு 2018 தொடக்கத்தில் வெளியிட்ட கள்ளச்சந்தைப் பட்டியலில் சேர்த்தபோது இங்கே பலர் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பொருட்களைக் கண்காணிப்பில்லாத எந்த அறையில் யார் செய்தார்கள் என்று சிரித்தவர்களும் கேட்கவில்லை. அசலைத் தைப்பவருக்கு மட்டும் பாதுகாப்பு இருக்கிறதா என்ன? மாயாவின் தொகுப்பு வந்த அதே 2013 இல், ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகே றாணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தவை கள்ள உடுப்புகள் அல்ல. கனடாவின் கடைகளுக்கு வரும் உடுப்புகளும் அங்கே தைக்கப்பட்டன. பிரதிபண்ணும் உரிமையைப்பற்றி இவ்வளவு துணிவாய்ப் பேசிய ஒரு தொகுப்பு, தைத்த கையைப்பற்றியும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, அச்சு என்ற வடிவத்தின் ஆபத்து. எதையும் தட்டையாக்கித் திரும்பத்திரும்பப் போட்டால் அழகாய் வந்துவிடும். அவருடைய ஆரம்பகாலப் படங்களில் புலியும் துவக்கும் தென்னையும் ஒரே உரத்த நிறத்தில் வந்தபோது எங்களில் சிலருக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த நிழலில்லாத புலிக்குள், ஊரில் நாங்கள் கண்ட எல்லாம் அடங்காது. நிழல்தான் எங்கள் கதையின் பாதி. இதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மெடூசாவுக்கு நாலு திரை போதும். எங்கள் முப்பது வருடத்துக்குப் போதாது.

ஆனாலும் இந்தத் தொகுப்பில் அந்தக் குறை இல்லை. இங்கே அவர் எடுத்தது எங்கள் போரை அல்ல, எங்கள் சனிக்கிழமை இரவை. அதை யாரும் அதுவரை பொருட்படுத்தியதில்லை. புலம்பெயர் இலக்கியம் என்று நாங்கள் பனியை எழுதினோம், தனிமையை எழுதினோம், கோப்பை கழுவியதை எழுதினோம். கழுவி முடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போன சேட்டை எழுதவில்லை.

அதே 2013 நவம்பரில் வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயர் மாதங்கி. முதல் இரண்டுக்கும் அருளர், கலா என்று தகப்பன் பெயரும் தாய் பெயரும் வைத்தவர், அப்போது தன் பெயரை வைத்தார். மாதங்கி கலைகளின் தெய்வம். ஊருக்கு வெளியே இருப்பவர்களின் தெய்வம். தாந்திரீக மரபில் அவளுடைய ஒரு வடிவத்துக்குப் படைப்பது எச்சில் சோறு. கைகழுவாமல் படைக்கவேண்டும் என்பார்கள். மேலானவர் உண்டு மிஞ்சியதை எடுத்துத் தெய்வத்தின் முன்னால் வைப்பது. அம்மா அந்தச் சேட்டில் ஒரு அம்மனைக் கண்டது பிழையென்று முப்பது வருடம் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

மாயாவின் தாயார் கலா லண்டனில் தையல்வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஜியானியின் தாயும் தையற்காரி. இரண்டு தையற்காரிகளின் பிள்ளைகள், ஒருவர் இறந்து பதினாறு வருடம் கழித்து, ஒரு ரீ-சேட்டில் சந்தித்துக்கொண்டார்கள் என்று மருமகளிடம் சொன்னேன். அவள், "அப்ப நான் மூண்டாவது" என்றாள்.

*

அக்கா வந்தபோது இருட்டிவிட்டது. சப்பாத்தைக் கழற்றி, நெற்றியில் விபூதியோடு வந்து மேசையில் இருந்தார். மகள் சேட்டை நீட்டினாள். அக்கா மெடூசாவைப் பார்க்கவேயில்லை. வாங்கியவுடன் சேட்டை உட்பக்கம் திருப்பினார். தோள்மூட்டுத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். கீழ்மடிப்பைப் பார்த்தார். கழுத்துப் பட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

அக்கா முதலில் வேலைசெய்த இடத்தில் அவருக்குத் தந்தது கழுத்துப் பட்டி தைக்கும் வேலை. துண்டுக்கு இத்தனை சதம் என்று கணக்கு. ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே தையல். காலையில் ஒரு கடையின் பட்டி, மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு கடையின் பட்டி. ஒன்றைவிட மற்றதன் விலை மூன்று மடங்கு என்று பிறகு கடையில் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

"தையல் நல்ல தையல்" என்றார். "பட்டியைக் கடைசியா வைச்சுத் தைச்சிருக்கு. எல்லா இடத்திலையும் அப்பிடித்தான். அவசரத்திலை தைச்சிருக்கிறாள், ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு."

"ஒறிஜினலோ அம்மா?"

"அது எனக்கென்ன தெரியும்? நான் தைக்கேல்லை."

மருமகள் சிரித்துக்கொண்டு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது நல்லாய் இருந்தது. குளிருக்கு மேலே கறுப்புக் கோட்டை மாட்டி, முன்பக்கத்தைத் திறந்துவிட்டுக்கொண்டு, நீல்சன் வீதி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். றெயில் வரும் றெயில் வரும் என்று சொல்லி ஒருநாளும் வராத இடம் மல்வேர்ன். ஜன்னலால் பார்த்தேன். பனிக்குள் தரிப்பிடம்வரை அந்தப் பொன்னிறம் தெரிந்தது.

பிறகு அக்காவிடம் என்னுடைய அந்தப் பழைய சேட்டைப்பற்றிக் கேட்டேன். கலியாணம் கட்டித் தனியே போனபோது அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தது. எறிந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். "கீழை போய்ப் பார்" என்றார்.

நிலவறையில் அவருடைய தையல் மெசின் இருக்கிறது. வேலையை விட்டபிறகும் அதை விற்கவில்லை. தூசு படாமல் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். கறுப்பில் பொன் சங்கிலி. மேற்பக்கத்தில், கண் சற்று விலகி, மெடூசா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் நிறம் கொஞ்சம்தான் மங்கியிருந்தது.